நூத்தி எழுபது நல்ல நம்பர்தான், பெரியப்பா

"அக்கா, எங்கப்பாவுக்கு சுகரே கிடையாது. இங்க முந்நூத்திப் பன்னெண்டு இருக்குதுன்னு இன்சுலின் மெஷின் மாட்டிட்டாங்க. வேற யாரோட ரிப்போர்ட்டையாவது பாத்துட்டாங்களா?"

பெரியப்பா மகன் போன் செய்தபோது நான் நைட் டூட்டி முடித்து பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். "ரிப்போர்ட் அவரோடதுதான். மெஷின் இருக்கட்டும், சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. அடுத்தவர் வீட்டு நோயாளி என்றால் நம்பர், சொந்தப் பெரியப்பா என்றால் வயிற்றைக் கலக்குகிறது. பதினெட்டு வருஷ ஐசியூ அனுபவமெல்லாம் அந்த நேரத்தில் எங்கே போகுமோ.

நான் கோலார் தங்க வயலில் (கேஜிஎஃப்), சாம்பியன் ரீஃப் லைன் வீட்டில் பிறந்தவள். 2007லிருந்து பெங்களூரில் ஸ்டாஃப் நர்ஸ். பெரியப்பா தங்கச் சுரங்கத்தில் டிம்பர்மேனாக இருந்தவர். பாறை சரியாமல் கீழே மரம் கொடுத்து நிறுத்துகிற வேலை. வயது எழுபத்து நான்கு. நுரையீரலில் பாதி சுரங்கத் தூசி. இந்த முறை நிமோனியா, கூடவே கடுமையான இளைப்பு. ஊரிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு மருத்துவமனையில் ஐசியூவில் போட்டிருந்தார்கள்.

சுகரே இல்லாத மனுஷனுக்கு எப்படி முந்நூறு வரும் என்பது வார்டு வராந்தாவில் வாரத்துக்கு நான்கு தடவை நான் பதில் சொல்கிற கேள்வி. உடம்புக்குப் பெரிய ஆபத்து வந்துவிட்டால் அது சண்டைக்குத் தயாராகும். அட்ரினலின், கார்ட்டிசால், குளூகோகான் எல்லாம் ஒன்றாகக் கிளம்பி, கல்லீரலிடம் "இருக்கிறதை எடுத்து வெளியே கொட்டு" என்று சொல்லும். கல்லீரல் கொட்டும், புதிதாகவும் செய்யும். அதே நேரம் தசைகள் இன்சுலின் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாது. ரத்தத்தில் சர்க்கரை தேங்கும். இளைப்புக்கு ஊசியில் ஏற்றுகிற ஸ்டீராய்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. பெரியப்பாவுக்கு இரண்டும் சேர்ந்துவிட்டது.

இது நோயால் வந்த ஏற்றமா, ஏற்கெனவே ஒளிந்திருந்த சர்க்கரை நோயா என்று பிரிக்க ஒரு வழி உண்டு. ஹெச்பிஏ1சி, மூன்று மாதச் சராசரியைச் சொல்கிற பரிசோதனை. 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னாலேயே நோய் இருந்திருக்கிறது. பெரியப்பாவுக்கு 5.9. எல்லையில் நிற்கிறவர், அவ்வளவுதான். (ரத்தம் ஏற்றியிருந்தாலோ கடுமையான ரத்தசோகை இருந்தாலோ இந்தப் பரிசோதனையை நம்ப முடியாது.) ஆனால் எல்லாருக்கும் இப்படி நல்ல செய்தி கிடைப்பதில்லை. ஐசிஎம்ஆர் நடத்திய பெரிய ஆய்வு 2023ல் வெளிவந்தபோது இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று சொன்னது. அதில் ஒரு பங்கு பேருக்கு அது இருப்பதே வேறு எதற்கோ அட்மிட் ஆகும்போதுதான் தெரியவரும்.

சாயங்காலம் போனேன். பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. 50 மில்லி சிரிஞ்சில் 50 யூனிட் இன்சுலின், ஒரு மில்லிக்கு ஒரு யூனிட், மணிக்கு இரண்டு மில்லி. சார்ட்டில் கடைசி நம்பர் 168. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன். பெரியப்பா ஆக்சிஜன் மாஸ்க்கைத் தூக்கிவிட்டு முறைத்தார்.

"இன்னாம்மா, நூத்தி அறுவத்தெட்டு வச்சிக்கினு நல்லா இருக்குதுன்னு சொல்றியே? பக்கத்து வீட்டுக்காரனுக்கு நூத்தி அறுவதுக்கே டாக்டர் திட்டுறாரு."

அவர் கேட்டது நியாயம். வீட்டில் காலை வெறும் வயிற்றில் 168 வந்தால் நானும் திட்டுவேன். ஐசியூவில் 168 வந்தால் சார்ட்டில் எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவேன். அங்கே இலக்கு 140 முதல் 180 வரை. 180க்கு மேலேயே நின்றால்தான் இன்சுலின் ஆரம்பிப்பது. இந்த இலக்கு இவ்வளவு தாராளமாக ஆனதற்கு ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையின் நடுவில் நானும் இருந்திருக்கிறேன்.

2001 என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு பிப்ரவரி 28 மட்டும்தான் ஞாபகம் வரும். பாரத் கோல்டு மைன்ஸை மூடிய நாள். அதே வருஷம் நவம்பரில் பெல்ஜியத்தின் லூவன் நகரத்திலிருந்து கிரேட் வான் டென் பெர்கே என்ற மருத்துவர் ஒரு ஆய்வை வெளியிட்டார். அறுவை சிகிச்சை ஐசியூவில் 1,548 நோயாளிகள். ஒரு பாதிப் பேருக்கு சர்க்கரையை 80 முதல் 110க்குள் இறுக்கிப் பிடித்தார்கள். மறு பாதிக்கு அந்தக் காலத்து வழக்கப்படி 215 தாண்டினால்தான் இன்சுலின். ஐசியூ மரணம் 8 சதவீதத்திலிருந்து 4.6 ஆகக் குறைந்தது. ஒரு மருந்தும் புதிதில்லை, கருவியும் புதிதில்லை, பழைய இன்சுலினைக் கொஞ்சம் கவனமாகக் கொடுத்தால் சாவு பாதி குறைகிறது என்றால் யார்தான் விடுவார்கள்? உலகம் முழுக்க ஐசியூக்கள் அந்தப் பக்கம் சாய்ந்தன.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் யூனிட்டில் சுவரில் ஒட்டியிருந்த தாளில் 80–110 என்றுதான் இருந்தது. அந்த நாட்களின் நைட் டூட்டி எனக்கு இன்றைக்கும் கனவில் வரும். மணிக்கு ஒரு குத்து. 118 வந்தால் பம்பைக் கூட்டு. 76 வந்தால் நிறுத்து. நிறுத்தினால் 150. மறுபடி கூட்டு. விடியற்காலை மூன்று மணிக்கு 38 என்று வந்தால் கை நடுங்கும். டெக்ஸ்ட்ரோஸை ஏற்றிவிட்டு, மயக்கத்தில் வென்டிலேட்டரோடு கிடக்கிற நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். விழித்திருப்பவருக்கு சர்க்கரை இறங்கினால் வேர்க்கும், நடுங்கும், பசிக்கும், வாய் குழறும். அவரே கூப்பிடுவார். தூக்க மருந்தில் கிடப்பவர் எதுவும் சொல்ல மாட்டார். மூளைக்குச் சர்க்கரை போகாத நிமிஷங்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும்.

2009ல் நைஸ்-சுகர் ஆய்வு வந்தது. பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாட்டு ஐசியூக்கள். ஆறாயிரத்துக்கும் மேல் நோயாளிகள். 90 நாளில் இறந்தவர்கள் இறுக்கிப் பிடித்த பக்கத்தில் 27.5 சதவீதம், 180 வரை விட்ட பக்கத்தில் 24.9. சர்க்கரை 40க்கு இறங்கிய ஆபத்து ஒரு பக்கம் 6.8 சதவீதம், மறு பக்கம் 0.5. சுவரில் ஒட்டியிருந்த தாளை எங்கள் சீனியர் சிஸ்டர் தானே கிழித்தார். எனக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் விடுதலை.

அப்படியானால் லூவனில் எப்படிப் பலித்தது? அங்கே பெரும்பாலோர் இதய அறுவை சிகிச்சை ஆனவர்கள். சேர்ந்த முதல் நாளிலிருந்தே நரம்பு வழியாக நிறைய குளுக்கோஸ் ஏற்றினார்கள். அவ்வளவு ஏற்றினால் அவ்வளவு இன்சுலின் தேவைதான், கீழே விழுகிற பயமும் கொஞ்சம் குறைவு. ஆஸ்திரேலியாவில் அப்படி ஏற்றவில்லை. இந்த விளக்கத்தை நான் நம்புகிறேன். ஏனென்றால் 2023ல் அதே லூவன் குழுவும் பெல்ஜியத்தின் வேறு சில ஐசியூக்களும் 9,230 பேரிடம் திரும்பப் பரிசோதித்தார்கள். இந்த முறை ஆரம்பத்தில் நரம்பு வழி உணவு கிடையாது, இன்சுலின் அளவைக் கம்ப்யூட்டர் சொன்னது, சர்க்கரை அபாயமாக இறங்கியதும் அபூர்வம். அப்படியும் இறுக்கிப் பிடித்ததால் ஐசியூ நாளும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை. முதலில் சொன்னவர்களே திரும்ப அளந்து பார்த்து "பலனில்லை" என்று எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். நம்மூரில் ஒரு சர்க்குலரைத் திரும்பப் பெற வைப்பதற்குள் தலை நரைத்துவிடும்.

இவ்வளவையும் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. "ரொம்பக் கீழ இறக்கினா ஆபத்து, அதான் நடுவுல வச்சிருக்காங்க" என்றேன். அவர் பம்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வைண்டர் மாதிரின்னு சொல்லு" என்றார்.

கேஜிஎஃப்காரர்களுக்கு இது புரியும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜை ஓட்டுகிறவர் வைண்டிங் இன்ஜின் டிரைவர். அவருக்கு கேஜும் தெரியாது, அதிலிருக்கிற ஆட்களும் தெரியாது. மேலே இன்ஜின் ரூமில் உட்கார்ந்து, எதிரே ஆழம் காட்டுகிற முள்ளையும், அடிக்கிற மணியையும் வைத்தே ஓட்ட வேண்டும். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம். முள் நெருங்கி வரும்போதே வேகத்தைக் குறைக்காவிட்டால் கதை முடிந்தது. பம்ப் ஓட்டுகிற நர்ஸின் நிலைமையும் அதேதான். உள்ளே நடப்பது எனக்குத் தெரியாது. மணிக்கு ஒரு முறை வருகிற நம்பர்தான் என் முள். 312 இருந்து ஒரு மணி நேரத்தில் 190 வந்தால் "நல்லா குறையுது" என்று சந்தோஷப்படக் கூடாது, அப்போதே பம்பைத் தணிக்க வேண்டும். முதல் வருஷத்தில் ஆறு மாதம் எடுத்துக்கொண்டு நான் கற்றதைப் பெரியப்பா பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

முள்ளும் பொய் சொல்லும். விரல் நுனியில் குத்திப் பார்க்கிற ஜிஆர்பிஎஸ் வார்டுக்குப் போதும். ஆனால் பிரஷர் இறங்கி, கை ஜில்லிட்டு, நார்அட்ரினலின் ஓடுகிறவருக்கு விரல் நுனி ரத்தத்தை நம்பி இன்சுலின் ஏற்றக் கூடாது. தமனி லைனிலிருந்து எடுத்து பிளட் கேஸ் மெஷினில் பார்ப்போம். டெக்ஸ்ட்ரோஸ் டிரிப் ஓடுகிற கையிலேயே ரத்தம் எடுத்து 480 என்று பயந்து ஓடிவந்த புதுப் பெண்ணை எல்லா ஐசியூவிலும் பார்க்கலாம். ஒரு காலத்தில் அந்தப் பெண் நான். கூட இருக்கிறவர்கள் பழம் உரித்துக் கொடுத்துவிட்டு, நோயாளியின் விரலைத் துடைக்காமல் விட்டாலும் நம்பர் எகிறும்.

இன்னொன்றும் உண்டு. இன்சுலின் சர்க்கரையை மட்டும் செல்லுக்குள் தள்ளுவதில்லை, பொட்டாசியத்தையும் சேர்த்துத் தள்ளும். அதனால் பம்ப் ஓடுகிறவருக்குப் பொட்டாசியம் பார்க்காமல் விட்டால், சர்க்கரை அழகாக இறங்கிக்கொண்டிருக்கும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

மூன்றாம் நாள் அவரை வார்டுக்கு மாற்றினார்கள். உண்மையான தலைவலி அங்கேதான் ஆரம்பித்தது.

அதற்கு முன்னால் ஒரு கிளைக்கதை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்களுக்கு "ஆஸ்பத்திரி" என்றால் ஒன்றுதான், சாம்பியன் ரீஃபில் இருந்த மைன்ஸ் ஆஸ்பத்திரி. தொழிலாளி வீட்டில் யாருக்கு என்ன வந்தாலும் அங்கேதான். ஏர் பிளாஸ்ட்டில் (சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சிதறுவது) அடிபட்டவர்கள், பிரசவம், என் தம்பியின் காது வலி எல்லாம். சுரங்கத்தோடு அதுவும் மூடியது. இருபது வருஷம் பூட்டிக் கிடந்து, 2021ல் கொரோனா இரண்டாம் அலையில் ஊர்ப் பிள்ளைகளும் தன்னார்வலர்களும் இறங்கி மரம் செடியெல்லாம் வெட்டிக் கழுவித் திரும்பத் திறந்தார்கள். பேப்பரில் "800 படுக்கை மருத்துவமனை" என்று போட்டோவோடு வந்தபோது அம்மா அழுதாள். இப்போது பெரிய நோய் என்றால் கோலார், குப்பம், வேலூர், இல்லாவிட்டால் நூறு கிலோமீட்டர் பெங்களூர். அதனால் எங்கள் ஊர் நோயாளி ஆம்புலன்ஸில் ஏறும்போது கூட ஒருவர் ஒரு மாத்திரை டப்பாவைத் தூக்கிக்கொண்டு வருவார். அந்த டப்பாவை முதலில் டாக்டரிடமோ எங்களிடமோ கொடுத்துவிட வேண்டும், தயவுசெய்து. கிளிபென்கிளமைட் வகை மாத்திரை, சிறுநீரகம் தடுமாறும்போது உடம்பிலேயே தங்கி நாள் கணக்கில் சர்க்கரையை இறக்கும். டபாகிளிஃப்ளோசின் வகையை ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்னாலேயே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் சர்க்கரை 180தான் காட்டும், ரத்தம் மட்டும் அமிலமாகியிருக்கும்.

அதே இரண்டாம் அலையில் நான் பார்த்ததையும் சொல்லிவிடுகிறேன். 2020 ஜூனில் பிரிட்டனின் ரிகவரி ஆய்வு, ஆக்சிஜன் தேவைப்படுகிற கொரோனா நோயாளிக்குத் தினம் 6 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன், அதிகபட்சம் பத்து நாள், உயிரைக் காப்பாற்றுகிறது என்று நிரூபித்தது. மலிவான மருந்து, பெரிய நன்மை. நம் ஊர்களில் அதை ஆக்சிஜன் தேவைப்படாதவர்களும் வாங்கிப் போட்டார்கள், அளவைக் கூட்டியும் போட்டார்கள், நாளை நீட்டியும் போட்டார்கள், சுகர் மட்டும் பார்க்கவில்லை. 2021 ஜூன் கடைசியில் மத்திய அரசு சொன்ன கணக்குப்படி கறுப்புப் பூஞ்சை 40,845 பேருக்கு. அவர்களில் 64 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். கண் எடுக்க வேண்டி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே 'தளர்வாக விடு' என்று நான் எழுதுவதை 'எவ்வளவு இருந்தாலும் பரவாயில்லை' என்று படிக்காதீர்கள். 300ம் 400ம் கிருமிக்கு விருந்து.

சரி, வார்டு. பம்பில் போகிற இன்சுலின் ரத்தத்தில் நிமிஷக் கணக்கில் கரைந்துவிடும். அதனால் பம்பை நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தோலுக்கு அடியில் நீண்டநேர இன்சுலின் போட்டுவிட வேண்டும். அதைச் சரியாகவே செய்திருந்தார்கள். பிறகு சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு குட்டி டோஸ். இதுதான் இன்றைக்குச் சரியென்று ஒப்புக்கொண்ட முறை. நம்பர் ஏறிய பிறகு துரத்திப் போய் ஊசி போடுகிற ஸ்லைடிங் ஸ்கேல் பழைய பழக்கம். 2007ல் அமெரிக்காவில் 130 பேரிடம் ஒப்பிட்டபோது, அடிப்படை இன்சுலினும் சாப்பாட்டு இன்சுலினுமாகப் போட்டவர்களில் 66 சதவீதம் பேர் இலக்கை எட்டினார்கள், ஸ்லைடிங் ஸ்கேலில் 38 சதவீதம்தான். ஆனாலும் ஸ்லைடிங் ஸ்கேல் போகவில்லை, போகாது. எழுதுவதற்குச் சுலபம்.

நாலாம் நாள் காலை ஏழரை மணிக்குச் சாப்பாட்டு ஊசி போட்டார்கள். இட்லி வந்தது ஒன்பதே காலுக்கு. நடுவில் எக்ஸ்ரே எடுக்கக் கீழே கூட்டிப்போய்விட்டார்கள். ஊசி போட்ட சிஸ்டர் ஷிப்ட் முடிந்து போய்விட்டார், அடுத்து வந்தவருக்கு ஊசி போட்டது தெரியும், சாப்பிடாதது தெரியாது. எக்ஸ்ரே ரூம் வாசலில் பெரியப்பாவுக்கு வேர்த்துக் கொட்டி, பேச்சு உளறியது. பெரியப்பா மகன் கத்தியதில் ஒருவர் ஓடிவந்து பார்த்தால் 52. தேன்போல் குளுக்கோஸ் கரைத்துக் குடிக்க வைத்து, 15 நிமிஷம் கழித்துப் பார்த்தால் 94.

அதைப் பெரியப்பா எனக்குச் சொன்ன விதம்தான் மறக்காது. "கீழ வேர்க்கிற மாதிரி வேர்த்துச்சும்மா. ஆனா கீழ வேர்த்தா சூடா இருக்கும். இது ஜில்லுனு இருந்திச்சு. காத்து இல்லாத இடத்துக்கு வந்துட்டோம்னு நெனச்சேன்."

அந்த மருத்துவமனையின் பெயரை எழுதமாட்டேன். அங்கே நடந்தது எந்த வார்டிலும் நடக்கும், நான் இருக்கிற வார்டிலும் நடந்திருக்கிறது. மூக்கு வழி டியூபில் கஞ்சி போகிறவருக்கு ஸ்கேனுக்காக ஃபீடை நிறுத்துவார்கள், இன்சுலினை நிறுத்த மறந்துவிடுவார்கள். ஃபீட் நின்றால் சர்க்கரை எங்கிருந்து வரும்? கூட இருக்கிற அட்டெண்டர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். நம்பர் ஏன் 170 என்று சண்டை போட வேண்டாம். "ஊசி போட்டாச்சு, சாப்பாடு இன்னும் வரல" என்று சண்டை போடுங்கள். வேர்த்தால், உளறினால், திடீரென்று கோபப்பட்டால் உடனே கூப்பிடுங்கள். விழுங்க முடியாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள். நரம்பில் ஏற்றிக்கொள்வோம்.

டிஸ்சார்ஜ் அன்று ஸ்டீராய்டு மாத்திரை, வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வருகிற கணக்கு. கூடவே காலையில் இன்சுலின். பெரியப்பா மகன் ராபர்ட்சன்பேட்டையில் மருந்து வாங்கிக்கொண்டு வந்தான். பையைத் திறந்து பார்த்தேன். இன்சுலின் பாட்டில் 40, சிரிஞ்ச் மூடி ஆரஞ்சு. இந்தியாவில் இன்சுலின் பாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட்டிலும் வரும், 100 யூனிட்டிலும் வரும். 40க்கு சிவப்பு மூடி சிரிஞ்ச், 100க்கு ஆரஞ்சு மூடி. இவன் வாங்கியபடி பத்துக் கோடு இழுத்திருந்தால் நாலு யூனிட்தான் போயிருக்கும். தலைகீழாக, 100 பாட்டிலை சிவப்பு மூடியில் பத்துக் கோடு இழுத்தால் இருபத்தைந்து யூனிட் போகும். அவனைத் திரும்ப அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே போனான்.

காலையில் சாப்பிடுகிற ஸ்டீராய்டின் வேலை மத்தியானத்துக்கு மேல்தான் தெரியும். வெறும் வயிற்றில் 104 பார்த்து "சரியாயிடுச்சு" என்று நினைப்பார்கள், மூன்று மணிக்கு 260 இருக்கும். அதனால் மூன்று மணிக்குக் குத்திப் பார்க்கச் சொன்னேன். ஸ்டீராய்டு குறையக் குறைய இன்சுலினும் குறைய வேண்டும் என்று டாக்டரிடம் தேதி வாரியாக எழுதி வாங்கி, காலண்டரிலேயே ஒட்டிவிட்டேன். இல்லாவிட்டால் மாத்திரை முடிந்த பிறகும் ஊசி மட்டும் நடந்துகொண்டிருக்கும்.

ஐந்து வாரமாகத் தினமும் மூன்று மணிக்குப் போன் வரும். டூட்டியில் இருந்தாலும் எடுத்துவிடுவேன். போன வியாழக்கிழமையோடு ஸ்டீராய்டும் நின்றது, இன்சுலினும் நின்றது. ஞாயிற்றுக்கிழமையும் மூன்று மணிக்குப் போன்.

"நூத்தி இருவத்தாறு. களி துன்னுட்டுதான் பாத்தேன்."

"நல்லா இருக்கு பெரியப்பா. இனிமே தினம் பாக்க வேணாம்."

"நீ நூத்தி எழுவதுதான் நல்லதுன்னு சொன்னியே, ரொம்பக் கீழ எறங்கிட்டேனா?"

அது ஆஸ்பத்திரிக் கணக்கு, இது வீட்டுக் கணக்கு என்று விளக்க ஆரம்பித்தேன். பாதியிலேயே யாரோ வாசலில் கூப்பிட, போனை வைத்துவிட்டார்.